நாய்க்கு என்ன விலை என்று கேட்கும் காவல் நிலையம்

'சாதி நாய்' என்ற சொல்லை நாம் கூச்சமில்லாமல் பயன்படுத்துகிறோம். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் என்று அப்பன் ஆத்தாள் பெயரோடு சான்றிதழ் வைத்திருக்கும் நாய் சாதி நாய். தெருவில் பிறந்து, யாரோ ஒருவர் வீட்டு வாசலில் சோறு தின்று வளர்ந்தது வெறும் நாய். ஆங்கிலேயர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பறையர் என்ற சாதிப் பெயரை எடுத்துப் போய் ஒதுக்கப்பட்டவர்களுக்கெல்லாம் பொதுப் பெயராக்கியவர்கள், நம் தெரு நாய்க்கும் அதையே சூட்டினார்கள். நாய் இனங்களைப் பற்றிய நூல்களில் இன்றைக்கும் அது 'இந்தியன் பரையா டாக்' தான்.

இது சொல்லோடு நின்றுவிடவில்லை. சண்டாளர்கள் நாயையும் கழுதையையும் மட்டுமே சொத்தாக வைத்திருக்க வேண்டும் என்கிறது மனுதர்மத்தின் பத்தாம் அத்தியாயம். தென் மாவட்டத் தீண்டாமை குறித்த கள ஆய்வுகளில் பதிவான ஒரு வழக்கம் இதற்கு நேர் எதிரானது போலத் தோன்றும்: சில ஊர்களில் சேரிக்காரர்கள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது. சேரி நாய் ஊர் நாயோடு சேர்ந்துவிடுமாம்! ஒன்று, நாயைத் தவிர வேறெதுவும் வைத்துக்கொள்ளாதே என்கிறது. மற்றொன்று, நாயைக்கூட உன் விருப்பப்படி வைத்துக்கொள்ளாதே என்கிறது. இரண்டும் ஒரே வாயிலிருந்துதான் வருகின்றன. 'பரியேறும் பெருமாள்' கருப்பியைத் தண்டவாளத்தில் கட்டி வைத்தபோது திரையரங்கில் நம்மில் பலர் அழுததற்குக் காரணம், அது நாயைப் பற்றிய காட்சி மட்டுமல்ல என்று நமக்குத் தெரிந்திருந்ததுதான்.

நாயைத் திருடினால் காவல் நிலையத்தில் என்ன நடக்கிறது, அது எந்தப் பதிவேட்டில் ஏறுகிறது, அந்தப் பதிவேட்டை நீங்களும் நானும் பார்க்க முடியுமா என்பதைப் பற்றித்தான் இங்கே எழுத வந்தேன். மணிப்பூர் எரிகிறது, ஆணவக்கொலை நடக்கிறது, இவன் நாயைப் பற்றி எழுதுகிறானே என்று தோழர்களில் சிலர் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள். பெரிய குற்றத்தில் பத்திரிகை வரும், கட்சி வரும், ஆணையம் வரும். யாருமே வராத சின்னக் குற்றத்தில்தான் ஒரு காவல் நிலையம் யாரைக் குடிமகனாகப் பார்க்கிறது என்பது தெரியும்.

என் அம்மா ஊரில் ஆட்டுக் கிடை போடும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். எனக்குப் பெரியப்பா முறை. எழுபது ஆடு, ஒரு நாய். செவலை நிறம், பாதி கோம்பை மாதிரி, பாதி எது என்று யாருக்கும் தெரியாது. அறுவடை முடிந்த கொல்லையில் கிடை அடைத்தால் ராத்திரி நரிக்கும் திருடனுக்கும் அதுதான் காவல். ஒரு நாள் விடியற்காலை நாய் இல்லை. கட்டியிருந்த கயிறு அறுக்கப்பட்டுக் கிடந்தது. முயல் வேட்டைக்கு நாய் பிடித்துப்போகும் கூட்டம் ஒன்று அந்தப் பக்கம் பைக்கில் திரிவது எல்லோருக்கும் தெரியும். நான்தான் அவரைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனேன். எந்த நிலையம் என்பது வேண்டாம், எதுவாக இருந்தாலும் உரையாடல் இப்படித்தான் போயிருக்கும்.

"நாய்க்கு என்ன வெலைய்யா?"

"வெலை குடுத்து வாங்கலீங்க. குட்டியில தூக்கிட்டு வந்து வளத்தது."

"அப்ப வெலையே இல்லாத பொருளுக்கு நான் என்ன கேஸு போட?"

ரைட்டர் என்னிடம் மட்டும் 'தம்பி' போட்டுப் பேசினார். அவரைவிட இருபது வயது மூத்த பெரியப்பாவை 'யோவ்' என்றார். இது உங்களுக்குப் புதிதில்லை, விடுங்கள். அந்தக் கேள்வியைக் கவனியுங்கள். அது அந்த ரைட்டரின் திமிரில் பிறந்த கேள்வி என்று முதலில் நினைத்தேன். வீட்டுக்கு வந்து சட்டத்தைப் புரட்டினால், அந்தக் கேள்வியைச் சட்டமே அவர் கையில் எழுதிக் கொடுத்திருக்கிறது.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. பழைய 379-ஆவது பிரிவில் திருட்டு என்றால் திருட்டுதான். பொருள் பத்து ரூபாயா, பத்து லட்சமா என்று பாராமல் காவல்துறை நேரடியாக வழக்குப் பதிய வேண்டிய குற்றம் அது. அப்படிப்பட்ட குற்றத்துக்கு முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது. புதிய சட்டத்தின் 303-ஆவது பிரிவு இதில் ஒரு கோடு போட்டிருக்கிறது. 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல் தடவையாகத் திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்தால் சமுதாய சேவைதான் தண்டனை. கூடவே நடைமுறைச் சட்டத்தின் அட்டவணை, 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டைக் காவல்துறை தானாக விசாரிக்க முடியாத குற்றம் என்று வகைப்படுத்திவிட்டது. அதாவது முதல் தகவல் அறிக்கை கிடையாது. புகாரின் சாரத்தை ஒரு புத்தகத்தில் குறித்துக்கொண்டு, நீதிபதியிடம் போங்கள் என்று அனுப்பிவிடலாம். நீதிபதி உத்தரவு இல்லாமல் விசாரணையே தொடங்காது.

இப்போது கணக்குப் போடுங்கள். அண்ணா நகர் மாடி வீட்டில் 30,000 ரூபாய் ரசீதோடு வாங்கிய நாய் காணாமல் போனால் முதல் தகவல் அறிக்கை உண்டு. கிடையில் கட்டியிருந்த செவலைக்கு ரசீது ஏது? பிறப்புச் சான்றிதழ் உள்ள நாய்க்கு விலை உண்டு, விலை இருந்தால் வழக்கு உண்டு, வழக்கு இருந்தால் பதிவு உண்டு. பிறப்பிலிருந்து தொடங்கி உரிமையில் முடியும் இந்தச் சங்கிலியை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தின் 428, 429 பிரிவுகள் விலங்கைக் கொல்வதைப் பற்றியவை. பசு, காளை, எருமை, குதிரை, யானை என்றால் அதன் விலை என்ன என்று கேட்க வேண்டியதில்லை. மற்ற விலங்கு என்றால் ஐம்பது ரூபாயாவது பெற்றிருந்தால்தான் ஐந்தாண்டு தண்டனைக்குரிய 429 பொருந்தும். 1860-இல் வெள்ளைக்காரன் போட்ட இந்த விலைப் பட்டியலைப் புதிய சட்டத்தின் 325-ஆவது பிரிவு எடுத்துவிட்டது. எந்த விலங்கைக் கொன்றாலும் ஐந்தாண்டு வரை சிறை. நல்லதுதான். ஆக இன்றைய நிலவரப்படி நாயைக் கொன்றால் சட்டம் விலை கேட்காது, திருடினால் கேட்கும்.

சரி, 5,000 ரூபாய்க் கோட்டை அழித்துவிட்டுப் பழையபடி எல்லாத் திருட்டுக்கும் வழக்குப் போடச் சொல்லலாமா? நான் அப்படிக் கேட்கமாட்டேன். சின்னத் திருட்டுக்காக உள்ளே கிடப்பவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். ஊரில் எது காணாமல் போனாலும் முதலில் தேடப்படுவது குறவர் குடியிருப்பும் காலனியும் நரிக்குறவர் கொட்டகையும்தான். 1871-இன் குற்றப் பழங்குடியினர் சட்டம் பிறப்பையே குற்றமாகப் பதிந்தது. 1911-க்குப் பிறகு அது சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று சுடப்பட்டார்கள். சட்டம் போனது, அந்தப் பழக்கம் போகவில்லை. 1993-இல் முதனை கிராமத்து ராஜாக்கண்ணு நகைத் திருட்டுச் சந்தேகத்தில் பிடிக்கப்பட்டுக் காவலில் கொல்லப்பட்டார். காவல்துறை சொன்ன கணக்கில் அவர் தப்பி ஓடியவர். 2025 ஜூனில் திருப்புவனத்தில் கோயில் காவலாளி அஜித்குமார் நகை காணோம் என்ற வாய்மொழிப் புகாரில் அடித்துக் கொல்லப்பட்டபோது, வழக்கே பதியாமல் எப்படி விசாரித்தீர்கள் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கேட்டது.

ஆகவே சமுதாய சேவை வரட்டும். சின்னத் திருட்டுக்குக் கைது வேண்டாம் என்பதும் சரி. ஆனால் கைது வேறு, பதிவு வேறு. கைது செய்யாதே என்று சட்டம் சொன்னதை 'எழுதாதே' என்று நிலையங்கள் வாசிக்கின்றன. விசாரிக்கும் அதிகாரம் இல்லாத குற்றத்தையும் அதற்கான புத்தகத்தில் எழுதியே ஆக வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 174-ஆவது பிரிவு சொல்கிறது. அந்தப் புத்தகத்தை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

பெரியப்பா கதைக்கு வருகிறேன். நான்கு முறை நடந்த பிறகு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் புகார் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த காகிதம் அது. வழக்குப் பதியவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்கிற அந்தரத்தில் ஒரு மனுவைத் தொங்கவிட நம் காவல்துறை கண்டுபிடித்த கருவி. இரண்டு வாரத்தில் அது முடித்து வைக்கப்பட்டது. அதே மாதம் ஊர்த் தெருவில் ஒருவருடைய ராஜபாளையம் நாய் காணாமல் போனது. காலனிப் பையன்கள் மூன்று பேரைக் கூட்டிப்போய் ராத்திரி முழுக்க நிலையத்தில் உட்கார வைத்தார்கள். காலையில் அந்த நாய் அடுத்த ஊரில் அதுபாட்டுக்குத் திரிவதாகத் தகவல் வந்தது. பையன்களை அனுப்பிவிட்டார்கள். அந்த ராத்திரிக்கு ரசீதும் இல்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நான் மூன்று கேள்வி கேட்டேன். ஓராண்டில் நாய் திருட்டு என்று வந்த மனுக்கள் எத்தனை, அதில் எத்தனை முதல் தகவல் அறிக்கை ஆனது, எந்த அடிப்படையில் மற்றவை முடிக்கப்பட்டன. பதில் இரண்டு வரி: அவ்வாறு தனியே பதிவேடு பராமரிக்கப்படவில்லை. முதல் மேல்முறையீட்டிலும் அதே இரண்டு வரி, கையெழுத்து மட்டும் வேறு. பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் திருடுபோன சொத்து வகைகளில் வாகனத்துக்கும் நகைக்கும் கால்நடைக்கும் இடம் உண்டு. நாய்க்குத் தனித் தலைப்பு இல்லை. மேலே கேட்கப்படாததைக் கீழே யாரும் எண்ணுவதில்லை.

இந்த 'தனியே இல்லை' என்ற பதில் நமக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. பிரிட்டனில் நாய் திருட்டு பழைய தொழில். நாயை 'இழிந்த' விலங்கு என்று கருதிய அவர்களுடைய பழைய பொதுச் சட்டத்தில் நாயைத் தூக்கிப்போவது திருட்டாகவே எண்ணப்படவில்லை. லண்டனில் பணக்கார வீட்டு நாய்களைப் பிடித்து மீட்புப் பணம் பறிக்கும் கும்பல்கள் பெருகி, 1844-இல் நாடாளுமன்றத் தேர்வுக் குழு விசாரித்து, 1845-இல் தனிச் சட்டம் வந்தது. கவிஞர் எலிசபெத் பாரெட் பிரௌனிங்கின் ஃப்ளஷ் என்ற நாயை மூன்று முறை திருடி மூன்று முறையும் பணம் வாங்கினார்கள். வர்ஜீனியா வுல்ஃப் 1933-இல் அந்த நாயின் வாழ்க்கை வரலாற்றையே எழுதினார். மேல்தட்டு நாய்க்கு வாழ்க்கை வரலாறு வரை கிடைக்கிறது, பாருங்கள்.

கொரோனா ஊரடங்கில் நாய் வாங்கும் ஆசை கூடி, விலை ஏறி, அங்கே திருட்டும் பெரிய பேச்சானது. எத்தனை நாய் திருடுபோனது என்று கேட்டால் அரசிடம் நேரான பதில் இல்லை. நாய் திருட்டைத் தனிக் குற்றமாகப் பதியாமல் 'இதர திருட்டு' என்ற மூட்டைக்குள் போட்டு வைத்திருந்தார்கள், சைக்கிளுக்குக்கூடத் தனி வரிசை இருந்த நாட்டில். அங்கே 2000-ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டம்தான் கதவைத் திறந்தது. பத்திரிகையாளர்கள், நாய் காப்பீடு விற்கும் நிறுவனங்கள், நாயை இழந்தவர்கள் என்று பலரும் இங்கிலாந்து, வேல்ஸில் உள்ள 43 காவல் படைகளுக்கும் தனித்தனியாகக் கேள்வி அனுப்பினார்கள். சில படைகள் எண்ணிக் கொடுத்தன. சில, ஒவ்வொரு வழக்கையும் பிரித்துப் படிக்க வேண்டும், 18 மணி நேர உச்சவரம்பைத் தாண்டும் என்று மறுத்தன. துண்டு துண்டாகக் கிடைத்த அந்த எண்களும் நாயை இழந்தவர்களின் கூச்சலும் சேர்ந்துதான் அரசை அசைத்தன. 2021-இல் அமைக்கப்பட்ட பணிக்குழு, 2020-இல் மட்டும் சுமார் 2,000 நாய் திருட்டுகள் காவல்துறைக்கு வந்ததாகச் சொன்னது. பதிவு முறையைச் சீராக்கு, தனிக் குற்றமாக்கு என்றது. 2024 ஆகஸ்ட் 24 முதல் செல்லப்பிராணி கடத்தல் சட்டம் அங்கே நடைமுறையில் இருக்கிறது. அதிகபட்சம் ஐந்தாண்டு சிறை.

பழைய திருட்டுச் சட்டத்தில் அதிகபட்சம் ஏழாண்டு. புதியதில் ஐந்து. அப்படியானால் என்ன கிடைத்தது? நாயின் சந்தை விலையை வைத்துக் குற்றத்தை எடை போடும் பழக்கம் போனது. இனி எண்ணுவதற்கு ஒரு தனி வரிசை இருக்கிறது. என் கவனம் அந்த வரிசையின் மேல்தான், சிறையின் மேல் இல்லை. அங்கேயும் அசைத்தது வாக்குள்ள நடுத்தர வர்க்கத்தின் நாய்ப் பாசம்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வீடற்றவர்களின் நாய்க்காக எந்த நாடாளுமன்றமும் இதுவரை கூடியதாக எனக்கு நினைவில்லை.

நம்மூரில் பதிவைத் திறந்து வைக்கும் வழி கொஞ்சம் இருக்கிறது. 2016 செப்டம்பர் 7 அன்று, யூத் பார் அசோசியேஷன் வழக்கில், முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்றவை மட்டும் விலக்கு. தமிழ்நாடு காவல்துறையின் தளத்தில் இன்று முதல் தகவல் அறிக்கையைப் பார்க்கலாம், சி.எஸ்.ஆர். எண்ணைப் போட்டு நிலையும் பார்க்கலாம். எண் கையில் இருந்தால்! ஏறிய வழக்கைக் காட்டும் இந்த ஜன்னல், ஏறாத வழக்கைக் காட்டாது. நமக்கு வேண்டியது ஏறாதவற்றின் கணக்கு.

திறக்கச் சொல்லும்போது எதைத் திறக்கச் சொல்கிறோம் என்பதில் நமக்குத் தெளிவு வேண்டும். இணையத்தில் ஏறும் முதல் தகவல் அறிக்கையில் சந்தேக நபரின் பெயர், தகப்பன் பெயர், தெரு எல்லாம் இருக்கின்றன. வழக்கு தள்ளுபடியானாலும் அந்தத் தாள் கூகிளில் கிடக்கும். காலனித் தெருப் பெயரே சாதிச் சான்றிதழாகிவிடும் நாட்டில் இது சின்ன விஷயமில்லை. 2024 மே மாதம் அமானதுல்லா கான் வழக்கில், பின்தங்கிய, பட்டியலின, பழங்குடி மக்கள் என்பதாலேயே இயந்திரத்தனமாக ஹிஸ்டரி ஷீட் திறப்பதை உச்ச நீதிமன்றம் கண்டித்து, எல்லா மாநிலங்களையும் தங்கள் விதிகளைப் பார்க்கச் சொன்னது. 2025 செப்டம்பரில் அலகாபாத் உயர் நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவரின் சாதியை முதல் தகவல் அறிக்கையில் எழுதுவதை நிறுத்தச் சொன்னது. இரண்டையும் வரவேற்கிறேன். ஆனால் 'சாதியையே பதிவிலிருந்து எடுத்துவிடுவோம்' என்று இதை நீட்டினால் அங்கே நான் நின்றுவிடுவேன். குற்றம் சாட்டப்பட்டவர் பெயரோடு சாதி ஒட்டக் கூடாது. புகார் கொடுத்தவர்களில் பட்டியலினத்தவர் எத்தனை பேர், அவர்கள் மனுவில் எத்தனை வழக்கானது என்ற தொகை எண் வெளியே வந்தே ஆக வேண்டும். பெயர் இல்லாத எண் யாரையும் காயப்படுத்தாது, காவல் நிலையத்தைத் தவிர.

இப்போது இந்தக் கதவும் சாத்தப்படுகிறது. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் 44(3) பிரிவின் மூலம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) எனும் ஆங்கில 'ஜே' உட்பிரிவை மாற்றி எழுதியது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. முன்பு தனிப்பட்ட தகவல் என்று மறுக்க, அதற்கும் பொது நடவடிக்கைக்கும் தொடர்பில்லை என்று அதிகாரி காட்ட வேண்டும். இப்போது 'தனிப்பட்ட தகவல்' என்ற ஒரு சொல் போதும். பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்ற 8(2) மட்டும் மிச்சம். நரிக்குறவச் சிறுவனின் பெயரை இணையத்தில் ஏற்றும்போது வராத தனியுரிமைக் கவலை, அவனை ராத்திரி உட்கார வைத்த காவலரின் பெயரைக் கேட்டால் மட்டும் பொத்துக்கொண்டு வருகிறது.

அதனால் பெயரே கேட்காத கேள்விகளாகக் கேளுங்கள். உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்கு, மாவட்டக் காவல் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு. கடந்த ஓராண்டில் கொடுக்கப்பட்ட சி.எஸ்.ஆர். எத்தனை. அதில் முதல் தகவல் அறிக்கையாக மாறியவை எத்தனை. 174-ஆவது பிரிவுப் புத்தகத்தில் ஏறிய பதிவுகள் எத்தனை, அதில் 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டு எத்தனை, பொருளின் விலையை நிர்ணயித்தது யார், எந்த ஆவணத்தைப் பார்த்து. வழக்குப் பதியாமல் நிலையத்துக்கு அழைத்து விசாரிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், அதற்கான பதிவேட்டின் பெயர் என்ன. நிலையத்தின் கண்காணிப்புக் கேமரா பதிவு எத்தனை நாள் வைக்கப்படுகிறது. 2020-இல் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா நிலையத்திலும் கேமரா வைக்கச் சொல்லி, பதிவைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்றதையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். 'தனியே பராமரிக்கவில்லை' என்று பதில் வந்தால், அந்தப் பதிவேடுகளை நேரில் பார்வையிட 2(ஜெ) பிரிவில் அனுமதி கேளுங்கள், ஆய்வு செய்வதும் தகவல் உரிமைக்குள் அடக்கம். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, ஒப்புகைச் சான்றோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். முப்பது நாள் கணக்கு அலுவலகம் மனுவைப் பெற்ற தேதியிலிருந்து தொடங்கும், அதற்கான சான்று உங்கள் கையில் இருக்கும்.